உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே அரை மணி நேரம் காரில் போனால் ஆக்ஸ்ஃபோர்டு வரும். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ஓக்லண்ட் கவுண்டியில் இருக்கிற சின்ன ஊர். 2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை மதியம், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்த 15 வயது மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியோடு கழிப்பறையிலிருந்து வெளியே வந்தான். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 14, ஒருவருக்கு 16, இருவருக்கு 17. இன்னும் ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் குண்டடிபட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் கவுண்டியில் மிரட்டல் செய்திகள் சுற்றின. அடுத்தது இந்தப் பள்ளி, அந்தப் பள்ளி என்று பிள்ளைகளின் போனில் வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை ஏராளமான பள்ளிகளை மூடிவிட்டார்கள். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகன் வீட்டில்தான் இருந்தான். சாப்பிடும்போது கேட்டான்: "அந்தப் பையனுக்கு கன் எங்கேம்மா கிடைச்சது?"

அதற்குள் பதில் செய்தியில் வந்துவிட்டது. அவனுடைய அப்பா வாங்கியது. சம்பவத்துக்கு நான்கு நாள் முன்னால், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், அதே ஊர்க் கடையில்.

அதற்கப்புறம் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் நடந்த பேச்செல்லாம் வேறு திசையில் போனது. வீடியோ கேம் என்றார்கள், பள்ளியில் நடக்கும் சீண்டல் என்றார்கள், இந்த நாட்டு அரசியல் என்றார்கள், இந்தியாவுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றும் பேசினார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்றையும் ஒரு சாதாரண அப்பா அம்மாவால் இன்று மாலைக்குள் மாற்ற முடியாது. துப்பாக்கியைப் பூட்டுவதை மட்டும் மாற்ற முடியும். இந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அம்மாவாக நான் தெரிந்துகொண்டதை, முக்கியமாகத் தமிழ்ப் பெற்றோருக்கு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆக்ஸ்ஃபோர்டில் என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் வந்த விவரங்கள் இவை.

நவம்பர் 26 வெள்ளிக்கிழமை அப்பா 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி வாங்குகிறார். பையனும் கூடப் போகிறான். மறுநாள் அம்மா அவனைத் துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போகிறார். அவனுடைய கிறிஸ்துமஸ் பரிசைச் சோதித்துப் பார்த்தோம் என்று இன்ஸ்டாகிராமில் பதிவு போடுகிறார். திங்கட்கிழமை வகுப்பில் அவன் போனில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் பார்க்கிறார். பள்ளியிலிருந்து அம்மாவுக்குத் தகவல் போகிறது. அவர் மகனுக்கு, கோபம் இல்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்கிற மாதிரி சிரித்தபடி செய்தி அனுப்புகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை கணக்கு வகுப்பில் கொடுத்த தாளில் அவன் துப்பாக்கியை வரைந்திருக்கிறான். குண்டடிபட்ட ஓர் உருவம், எங்கும் ரத்தம், எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, உதவுங்கள் என்று வார்த்தைகள். உடனே பெற்றோரை வரச் சொல்கிறார்கள். அவனுக்கு 48 மணி நேரத்துக்குள் மனநல உதவி ஏற்பாடு செய்யுங்கள் என்கிறார் பள்ளி ஆலோசகர். அந்தச் சந்திப்பு ஏறக்குறைய 12 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பையனை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். புதிதாகத் துப்பாக்கி வாங்கியிருக்கிறோம் என்று இருவருமே வாய் திறக்கவில்லை. பள்ளியில் யாரும் அவன் பையைத் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அந்தப் பையில்தான் இருந்தது. அவனை வகுப்புக்கு அனுப்பினார்கள். மதியம் ஒரு மணி ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பள்ளியும் தவறியது, அதைப் பின்னால் வந்த விசாரணை அறிக்கை விரிவாகவே சொன்னது. ஆனால் என் மனசு அந்த 12 நிமிடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த அறையில் இருந்த பெரியவர்களில் இரண்டு பேருக்குத்தான் வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரியும்.

2024இல் அம்மா, அப்பா இருவர் மீதும் தனித்தனியாக வழக்கு நடந்தது. நேரலையில் காட்டினார்கள். நானும் வேலை முடிந்ததும் பார்ப்பேன். கொல்லும் நோக்கமில்லாமல் மரணம் விளைவித்ததாக, இறந்த ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று என நான்கு குற்றச்சாட்டுகள். பிப்ரவரியில் அம்மா குற்றவாளி என்றும் மார்ச்சில் அப்பா குற்றவாளி என்றும் ஜூரி சொன்னது. ஏப்ரல் 9 அன்று இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. பிள்ளை பள்ளியில் பலரைச் சுட்டுக் கொன்றதற்காக இந்தக் குற்றத்தில் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல்முறை. பையனுக்கு அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், வெளியே வரவே முடியாத ஆயுள் சிறை விதித்திருந்தார்கள்.

அந்த விசாரணையில் என்னை உலுக்கிய விவரங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. கடையில் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்த கேபிள் பூட்டு, பிரிக்காத உறையிலேயே கிடந்தது. வீட்டில் இருந்த பெட்டகத்தில் வேறு இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. அதன் எண் 0-0-0, கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த எண், மாற்றவே இல்லை. புதுத் துப்பாக்கியை அலமாரியில் ஒளித்து வைத்திருந்ததாக அப்பா போலீஸிடம் சொன்னார். அப்பா அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என பையன் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்ட் ஜூரிக்கு முன்னால் துப்பாக்கியில் கேபிள் பூட்டை மாட்டிக் காட்டினார். சில வினாடிகள்தான் ஆனது.

அதே நோட்டில், எனக்கு உதவி வேண்டும், ஆனால் அப்பா அம்மா காது கொடுத்துக் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தான். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பு, 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி பயன்படுத்திய மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள். அந்தச் சம்பவங்களில் பாதியில் துப்பாக்கி எளிதில் கைக்கு எட்டும் இடத்தில், சரியாகப் பூட்டப்படாமல் இருந்திருக்கிறது. கள்ளச் சந்தை, ரகசிய விற்பனை என்று நாம் கற்பனை செய்கிற இடங்களில் அந்தப் பிள்ளைகள் தேடவே இல்லை.

2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவில், வைண்டர் என்ற ஊரில் இருக்கும் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டது 14 வயதுப் பையன். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதமே, ஆன்லைனில் வந்த ஒரு பள்ளி மிரட்டல் பற்றி எஃப்.பி.ஐ. கொடுத்த தகவலின் பேரில் உள்ளூர்ப் போலீஸார் அந்த வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் பையனிடமும் பேசியிருக்கிறார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அப்பா அவனுக்கு ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார் என்பது புலனாய்வாளர்கள் சொன்னது. சம்பவத்துக்கு மறுநாளே அப்பாவையும் கைது செய்தார்கள்.

சரி, நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

"நம்ம வீட்ல கன் கிடையாது, நமக்கு என்ன" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். இதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. ஒன்று, நம் வீட்டில் இல்லாவிட்டாலும் நம் பிள்ளை போகிற வீட்டில் இருக்கலாம். மிச்சிகனில் நவம்பர் 15 அன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அதற்காகவே விடுமுறை விடும் பள்ளிகள்கூட உண்டு. வேட்டைத் துப்பாக்கி இங்கே பல குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற பொருள். அதில் தவறு எதுவும் இல்லை.

இன்னொன்று, நம்மவர்களும் வாங்குகிறார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. தங்க நகை இருக்கும் என்று இந்தியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துக் கொள்ளையடித்த கும்பல் மிச்சிகன் உட்படப் பல மாநிலங்களில் கைவரிசை காட்டிய பிறகு, பயத்தில் வாங்கியவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ராத்திரி வீட்டுக்குள் ஆள் புகுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் வரும் கவலைதான்.

எங்களுக்கு நெருக்கமான ஒரு குடும்பம். கணவரை நான் அண்ணா என்றும் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு அவர்கள் கைத்துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களுக்கு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் மகன் உண்டு. என் பிள்ளைகள் வாரக் கடைசியில் அங்கேதான் இருப்பார்கள். ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கன்னை எங்க வச்சிருக்கீங்க? பூட்டியிருக்கா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா. பையனுக்கு எங்க இருக்குன்னே தெரியாது."

"புல்லட்?"

"உள்ளதான் இருக்கு. அவசரத்துக்குன்னு வாங்கினது, பூட்டித் திறந்துக்கிட்டு இருந்தா ஆகுமா?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாயந்தரம் மகனிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்த ஷூ டப்பாவுக்குப் பின்னால் என்று அவன் பட்டென்று சொல்லிவிட்டான். எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டானாம். அன்று இரவே அக்கா எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது.

இது அந்த வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. அலபாமாவின் கிராமப்புறக் குடும்பங்களில் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. துப்பாக்கி இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறேன் என்றார்கள். அத்தனை பேரும் 5 முதல் 14 வயதுக்குள் இருந்த பிள்ளைகள். தீபாவளிக்கு ஒளித்து வைத்த அதிரசம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள்தானே நாமெல்லாம். ஒளித்து வைப்பது பூட்டி வைப்பது ஆகாது.

அடுத்த வாரம் அண்ணாவும் என் கணவரும் சேர்ந்து பூட்டு விஷயத்தை அலசினார்கள். அப்போது கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மலிவானது கேபிள் பூட்டு. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பியும் ஒரு சாவியும். அமெரிக்காவில் பல காவல் நிலையங்களில் இதை இலவசமாகவே கொடுக்கிறார்கள், பிராஜெக்ட் சைல்ட்சேஃப் என்ற திட்டத்தின் கீழ். கேட்டால் போதும். கைத்துப்பாக்கியில் முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறையை, கழற்ற வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது மிக ஆபத்தான தவறு, குண்டு அறையில் ஒன்று மிச்சம் இருக்கலாம். துப்பாக்கியின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் காலித் தோட்டா வெளியே விழும் துளை வழியாகக் கம்பியை விட்டு, மேகசின் செருகும் துளை வழியாக வெளியே எடுத்துப் பூட்டினால் ஸ்லைடு மூடாது, சுட முடியாது. ஆனால் கம்பியை வெட்ட முடியும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியும். வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இதை மட்டும் நம்பக் கூடாது.

விசையை மூடிப் பூட்டும் ட்ரிகர் லாக் இன்னொரு வகை. குண்டு போட்ட துப்பாக்கியில் இதை ஒருபோதும் மாட்டக் கூடாது, மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம்.

அண்ணாவின் கேள்விக்கு, அதாவது அவசரத்துக்கு என்ன செய்வது என்பதற்கு, விடை பூட்டுப் பெட்டிதான். எண் பொத்தான் உள்ள சின்ன எஃகுப் பெட்டி, படுக்கைக்குப் பக்கத்தில் தரையிலோ சுவரிலோ திருகாணி போட்டு முடுக்கிவிடலாம். பழகிய கை இருட்டிலும் சில வினாடிகளில் திறக்கும். சாதாரணப் பெட்டி 50 டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. கைரேகையில் திறக்கும் பெட்டி வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2023இல் அப்படிப்பட்ட சுமார் 61,000 பெட்டிகளை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு திரும்பப் பெற்றார்கள், ஒரு 12 வயதுப் பையன் இறந்த பிறகு. உரிமையாளர் தன் கைரேகையைச் சரியாகப் பதியாதவரை யார் விரல் வைத்தாலும் அது திறந்துவிடும் நிலையில் இருந்திருக்கிறது. அதனால் வாங்கியதும் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் விரலையும் வைத்துத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாத விரலுக்குத் திறக்கிறதா என்பதுதான் சோதனை.

எண் பூட்டாக இருந்தால் கம்பெனி எண்ணை அன்றே மாற்ற வேண்டும். பிள்ளையின் பிறந்தநாள், வீட்டு எண், போன் திறக்கும் எண் எதுவும் வேண்டாம். மாற்றுச் சாவியைச் சமையலறைக் கொக்கியில் மற்ற சாவிகளோடு மாட்டி வைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தோட்டாக்களை வேறு பெட்டியில், வேறு பூட்டில் வைக்க வேண்டும். பயிற்சிக்குப் போய் வந்த நாளில் களைப்பில் பையை அப்படியே காரில் விட்டுவிடுவது வேட்டைக்காரர்கள் வீட்டில்கூட நடக்கிறது. பிள்ளையும் ஓட்டுகிற கார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அண்ணா பெட்டி வாங்கிவிட்டார். அந்த வீட்டோடு எங்கள் போக்குவரத்து முன்பைவிட நெருக்கமாகவே இருக்கிறது.

இனி, மற்ற வீடுகளில் கேட்பது. இதில்தான் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது அவர்கள் வீட்டு விஷயத்தை விசாரிப்பது மரியாதை இல்லை என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். எனக்கும் முதல் தடவை கேட்கும்போது கை நடுங்கியது. இங்கே குழந்தை மருத்துவர்களே இதைக் கேட்கச் சொல்கிறார்கள், அதற்கென்று ஜூன் 21ஆம் தேதியை ஒரு நாளாகவே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

நான் கண்ட வழி, மற்ற பாதுகாப்பு விவரங்களோடு சேர்த்துக் கேட்பது. நேரில் கேட்பதைவிடக் குறுஞ்செய்தி நல்லது, அவர்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். மகள் இரவு தங்கப் போகும்போது நான் அனுப்புகிற செய்தியின் சாரம் இது: அவளுக்கு முந்திரி ஒவ்வாமை உண்டு. உங்கள் நாய் புதியவர்களிடம் எப்படி? எந்த வீட்டுக்கு அனுப்பும்போதும் நாங்கள் கேட்கும் ஒரு கேள்வி, வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா, தோட்டா தனியாக இருக்கிறதா? எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. நீங்கள் வேறு ஏதாவது கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள்.

வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் நிறுத்துவதைவிட, இருந்தால் பூட்டியிருக்கிறதா என்று கேட்பது நல்லது. முன்னது அவர்களை எடைபோடுவதாகத் தோன்றும். பின்னது பிள்ளையைப் பற்றிய கேள்வி.

வேட்டைக்குப் போகிற ஒரு அப்பா, நான் மகளை விட வந்தபோது என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய்த் தன் பெட்டகத்தைக் காட்டினார். கேட்டதற்கு நன்றி, என் அப்பாவும் இப்படித்தான் கண்டிப்பு என்றார். வேறொரு வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. மகளின் தோழியான அந்த வீட்டுப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம், இன்றும் அவள் வருகிறாள். ஒரு அம்மாவுக்கு மட்டும் வருத்தம், எங்களை நம்பவில்லையா என்று கேட்டார். நம்பாமல் இல்லை, எல்லா வீட்டிலும் கேட்கிறேன் என்று சொன்னேன். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் விட்டிருக்கலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும்போது அவர்களிடமும் சொல்லி வையுங்கள். பேரனைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அழைத்துப் போவது அவர்கள்தான். துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் கையிலும் வங்கி வாசல் காவலாளி தோளிலும் மட்டும் பார்த்துப் பழகியவர்கள். என் மாமியாரிடம் விளக்கியபோது, "வீட்டுக்குள்ளயா வச்சிருப்பாங்க?" என்று அவரால் நம்ப முடியவில்லை. அப்புறம் என்னைவிட அவர்தான் கறாராகிவிட்டார்.

பிள்ளையிடமும் பேச வேண்டும். சின்னப் பிள்ளைக்கு: பார்த்தால் தொடாதே, அந்த அறையை விட்டு வெளியே வா, பெரியவரிடம் சொல். ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பூட்டாமல் இருந்துவிடக் கூடாது. ஆர்வம் வந்தால் பிள்ளைகளுக்கு அறிவுரை நினைவுக்கு வராது.

பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். தாக்குதல் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள், எழுதிவிடுகிறார்கள், படம் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்ப்பது கூடப் படிக்கும் பிள்ளைகள். போட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மிச்சிகனில் "ஓகே டூ சே" என்று ஒரு வழி 2014 முதல் இருக்கிறது, பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். என் மகன் போனில் அந்த எண் இருக்கிறது. ஒருமுறை அவன் வகுப்பில் ஒருவன் போட்ட பதிவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து காட்டினான். இரண்டு பேரும் சேர்ந்தே தகவல் கொடுத்தோம். அது வெறும் வாய்ச்சவடால் என்று பின்னால் தெரிந்தது. அப்படித் தெரிந்துகொள்வதற்கும் யாராவது சொல்லியாக வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாதது. பள்ளித் துப்பாக்கிச் சூடு அரிது. வீட்டில் இருக்கும் துப்பாக்கியால் ஒரு பிள்ளை தன்னையே முடித்துக்கொள்வது அதைவிட மிக அதிகம். அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், பதின்வயதினர் மரணத்துக்கு 2020இலிருந்து முதன்மைக் காரணம் துப்பாக்கிதான், அதில் தற்கொலைகளும் சேரும். மதிப்பெண், கல்லூரி அனுமதி, ஒப்பீடு என்று நம் பிள்ளைகள் மேல் இருக்கும் அழுத்தம் நமக்குத் தெரியும். தற்கொலை எண்ணம் அலைபோல் வந்து போகிற ஒன்று. அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பிவிடும். பிள்ளை சோர்ந்துபோய் இருக்கிறது என்று தோன்றினால், பூட்டை மட்டும் நம்பாமல் துப்பாக்கியைச் சில காலம் வீட்டை விட்டே வெளியே அனுப்புங்கள். எங்கே, எப்படி வைக்கலாம் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தைக் கேட்டால் சொல்வார்கள். தற்கொலை எண்ணம், மன நெருக்கடி உள்ளவர்களுக்கு உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அமெரிக்கா முழுக்க அதே எண்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று நானும் கணவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைத்திருக்கிறோம். ஒருவராவது வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பிள்ளையை அன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், அது தேவையில்லை என்று பள்ளி சொன்னாலும். பையை நாமே அங்கேயே திறந்து பார்க்க வேண்டும். பிள்ளை போய்வருகிற வீடு எதிலாவது துப்பாக்கி இருப்பது நமக்குத் தெரிந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் குடும்ப மானம் போய்விடுமே என்ற யோசனை அந்த அறைக்குள் வரக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்: யாராவது ஒருவர் உடனே வீட்டுக்குப் போய் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு நிறைவேறிய சட்டங்கள் சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தன. 18 வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் அல்லது வரக்கூடிய இடத்தில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டாமல் விட்டு, அது பிள்ளை கைக்குப் போய், யாராவது இறந்தால் உரிமையாளருக்கு 15 ஆண்டு வரை சிறை. சட்டம் வந்த மறுநாளே ஃப்ளின்ட் நகரத்தில் பூட்டாத துப்பாக்கி 2 வயதுக் குழந்தையின் கையில் கிடைத்து, அது தன்னையே சுட்டுக்கொண்டு படுகாயம் அடைந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் முதலில் வழக்கில் சிக்கியவர் அந்தக் குழந்தையின் அப்பா. ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள உத்தரவிடும்படி குடும்பத்தினரே நீதிமன்றத்தைக் கேட்கவும் அதே நாளில் வழி வந்தது.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அங்கே சட்டம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காத மாநிலமாக இருந்தாலும் பெட்டி அதே 50 டாலர்தான், காவல் நிலையத்தில் கேபிள் பூட்டு கேட்டுப் பார்க்கலாம். விடுமுறையில் பிள்ளை போகப்போகிற வீட்டுக்கு இந்த வாரமே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மேலே நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.